கியாசுதீன் போகாத பதினொரு ஜும்மா

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் அடங்காது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் சத்யபாமா என்றால் முகத்தைவிட வாய்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும் என்பார்கள். திருச்சியில் மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. அதன் உயிர்வேதியியல் துறை ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இந்த ஏப்ரலில் சூப்பரிண்டெண்டெண்டாக ஓய்வு பெற்றேன். ஓய்வாம். உட்கார்ந்தாலும் எரிகிறது, எழுந்தாலும் எரிகிறது. எங்கள் துறை கியாசுதீன் பாயைப் பற்றி உலகம் பூரா ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. அந்த மனுஷன் யார், என்ன செய்தார் என்று ஒருத்தராவது எழுதி வைக்க வேண்டாமா? அதனால் எழுதுகிறேன்.

கியாசுதீன் பாலக்கரைக்காரர். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவரைக் கண்ணாடிக் குழாய் கழுவும் அட்டெண்டராகச் சேர்த்தார்கள். தொழில்நுட்ப உதவியாளர் என்று பேர் மாற்றப் பதினாறு வருஷம் ஆயிற்று. மே மாதத்திலும் ஒரு பழைய பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார், குளிர் அறையில் நின்று வேலை செய்கிறவர் என்பதால். பிஎச்.டி. பண்ண வருகிற பிள்ளைகள் முதல் வருஷம் முழுக்க அவர் பக்கத்தில் நின்றுதான் கை பழகுவார்கள். டாக்டர் பட்டம் வாங்கும்போது நன்றியுரையில் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அடுத்தபடி அவர் பேர் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரிப்பார். "பேர் வந்திருக்குல்ல மேடம், போதும்" என்பார்.

அவருடைய கைவேலை இதுதான்: எலியின் இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவை உடையாமல் பிரித்தெடுப்பது. செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற சின்ன அறைகள் அவை. இதயத்தை நறுக்கி, குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் போட்டு, கண்ணாடிக் குழவியால் கையாலேயே அரைப்பார். அழுத்தினால் உடையும், அழுத்தாவிட்டால் வெளியே வராது. பிறகு இயந்திரத்தில் முதலில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் சுற்ற வைத்தால், குழாயின் அடியில் டீ வண்டல் மாதிரி பழுப்பாகக் கொஞ்சம் தங்கும். ஒவ்வொரு குழாய் மூடியிலும் மார்க்கரால் மூன்று நேரம் எழுதுவார்: இதயம் வந்தது, அரைக்க ஆரம்பித்தது, முடித்தது. அப்படி எழுதச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நான் பி.ஏ. வரலாறு. எனக்குத் தெரிந்த விஞ்ஞானமெல்லாம் பதினொரு மணி டீயோடு அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

"மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச்சுவர்ல வாசல் இருக்கு மேடம். வி.டி.ஏ.சி.ன்னு ஒரு புரதம். உள்ள போறது, வெளிய வர்றது பெரும்பாலும் அது வழியாத்தான். அதுமேல ஒரு பாஸ்பேட் ஒட்டிச்சுன்னா வாசல் நடந்துக்கிற விதமே மாறிடும். சரியான இடத்துல ஒட்டினா செல்லு அடியைத் தாங்கும். வேற நொதி வந்து வேற இடத்துல ஒட்டினா அதுவே கெடுதல். உள்ள இருக்கிற சைட்டோகுரோம்ங்கிற புரதம் வெளிய கசிஞ்சா அவ்வளவுதான், செல்லு தன்னைத்தானே முடிச்சுக்கும்."

"ஒட்டறது யாரு பாய்?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு நொதிங்க இருக்கு. பிடுங்கறதுக்கு வேற நொதிங்க. ஒட்டறவனுக்குச் சக்தி வேணும், பிடுங்கறவனுக்கு ஒண்ணும் வேணாம். எலி செத்த கொஞ்ச நேரத்துல இதயத்துல சக்தி தீந்துடும், ஒட்டறவன் நின்னுடுவான். பிடுங்கறவன் மட்டும் ஐஸ்ல வெச்சாலும் மெள்ள மெள்ள வேலை பாத்துக்கிட்டே இருப்பான். அதான் நான் நேரம் நேரம்னு அடிச்சுக்கிறேன்."

இதை அவர் எனக்குச் சொன்னது 2022-ல். அந்த வருஷக் கோடையில்தான் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ஜனார்தன் தன் பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஜனார்தன் எங்கள் வீதிக்காரர், நான்கு வீடு தள்ளி. ஆரோக்கியமான எலிகளின் இதயம் ஒரு பக்கம், மாரடைப்பு வரவழைத்த எலிகளின் இதயம் இன்னொரு பக்கம். எதில் அந்த வாசலின் மேல் பாஸ்பேட் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்க வேண்டும். இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு விழும், இல்லாவிட்டால் வெறுமையாக இருக்கும்.

எலிகள் இருந்த இடம் வேறு கல்லூரியில். அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் தருவார்கள். காலை ஒன்பதே காலுக்கு இரண்டு கூட்டத்து இதயங்களும் ஒரே ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். சுற்றும் இயந்திரத்தில் ஒரு தடவைக்கு எட்டுக் குழாய்தான் பிடிக்கும். முதல் எட்டு முடிய பத்தரை ஆகிவிடும். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

எனக்கும் ராகு காலம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. புடவை எடுக்கப் போனால்கூடப் பார்ப்பேன். ஆனால் என் புடவை இரண்டு மணி தள்ளிப் போனால் கெட்டுப் போகாது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் ஜனார்தன் வாராவாரம் இண்டர்காமில் கூப்பிடுவார். "மாமி, ராகு காலம் எப்போ முடியறது?" நானும் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து, "பன்னெண்டுக்கு, சார்" என்பேன். அதுவரை இரண்டாவது எட்டைத் தொடக் கூடாது. அது புதுக் காரியமாம்.

கியாசுதீன் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை நான் அங்கே பைலோடு நின்றிருந்தேன்.

"சார், ரெண்டு கூட்டத்துலயும் நாலு நாலா எடுத்துக் கலந்து பண்ணிடலாமா? நேர வித்தியாசம் வராது."

"நோயில ஆரம்பிக்கப்படாது பாய். ஆரோக்கியம்தான் முதல்ல."

"அப்ப முதல் எட்டு முடிஞ்ச உடனே அடுத்ததை அரைச்சிடறேன் சார். பிடுங்கற நொதிக்குத் தடுப்பு மருந்து அரைக்கிற கரைசல்லதான் இருக்கு. முழு இதயத்துக்குள்ள அது போகாது. பிரிச்செடுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல வெச்சா மைட்டோகாண்ட்ரியா உடைஞ்சுடும். சும்மா வெச்சிருக்க முடியாது சார்."

"ஐஸ்ல தானே இருக்கு? பன்னெண்டு அடிச்சப்பறம் பண்ணுங்கோ."

பதினொரு வெள்ளிக்கிழமை இப்படியே நடந்தது. ஆரோக்கியமான இதயம் வந்ததும் அரைபட்டது. நோயுற்ற இதயம் இரண்டே முக்கால் மணி நேரம் பெட்டியில் கிடந்த பிறகு அரைபட்டது. முதல் எட்டில் கோடு மைபோல விழுந்தது, இரண்டாவது எட்டில் ஒன்றும் இல்லை. மாரடைப்பு வந்த இதயத்தில் வாசல் பாஸ்பேட்டை இழக்கிறது, அதனால்தான் செல்கள் சாகின்றன என்று ஜனார்தன் கட்டுரை எழுதினார். வெளிநாட்டு இதழில் வந்தது. கல்லூரி வாசலில் அவர் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கட்டுரையில் கியாசுதீன் பேர் கடைசி வரியில் நன்றி என்ற இடத்தில், அதுவும் ஒரு எழுத்துப் பிழையோடு.

போன வருஷம் இதழிலிருந்து கடிதம் வந்தது. வேறு இரண்டு ஆய்வகங்கள் செய்து பார்த்தார்களாம். உடனுக்குடன் அரைத்தால் நோயுற்ற இதயத்திலும் கோடு தெரிகிறதாம். உங்கள் மாதிரிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்று கேட்டிருந்தார்கள். பிரின்சிபால் ஹரிஹரசுதன் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். மினிட்ஸ் எழுத நான்.

குழுவின் முதல் கூட்டத்தில் ஜனார்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எப்படிச் சொல்றது... வெள்ளிக்கிழமை பாருங்கோ... பாய் ப்ரேயர்னு பாலக்கரைக்கு ஸ்கூட்டர்ல போயிடுவார். சாம்பிள் பாட்டுக்குக் கிடக்கும். நானும் மத விஷயமாச்சேன்னு ஒண்ணும் சொல்றதில்லை."

சுற்றி இருந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முஸ்லிம், வெள்ளிக்கிழமை, தொழுகை, அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. நான் ஜனார்தனைப் பார்த்தேன். அவர் பைலைப் பார்த்தார். வாராவாரம் காலண்டர் பார்த்து நேரம் சொன்னவள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னேனா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ரிட்டயர் ஆக எட்டு மாதம், என் பைல் பிரின்சிபால் மேஜையில். அதோடு ஜனார்தன் எங்கள் வீதி, நம் மனுஷர். இந்த நம் மனுஷர் என்கிற நினைப்பு அன்றைக்கு என் நாக்கைக் கட்டிப் போட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

பேசாமல் இருந்ததோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. என் இங்கிலீஷ் டிராஃப்டுக்குக் கல்லூரியில் பேர் உண்டு. ஜனார்தன் மென்று விழுங்கிச் சொன்னதை நான் திருத்தமான ஒரே வாக்கியமாக அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தொழில்நுட்ப உதவியாளர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சென்றதால் மாதிரிகள் கவனிப்பாரின்றி விடப்பட்டன." அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கியாசுதீனை உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் போகலை சார்" என்றார்.

"போறதுல தப்பே இல்லை பாய்" என்றார் ஹரிஹரசுதன், ரொம்பப் பெருந்தன்மையாக. "சொல்லிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான்."

"போகலை சார். பன்னெண்டு அஞ்சுக்கு ஆரம்பிச்சா முடிச்சுக் கழுவி வைக்க ஒண்ணே முக்கால் ஆயிடும், அதுக்குள்ள ஜும்மா தொழுகையே முடிஞ்சிடும். மூடியில எல்லாம் எழுதியிருக்கேன், ஃப்ரீசர்ல இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"அது நீங்களே எழுதினதுதானே" என்றார் இன்னொருவர்.

அன்று மாலை சஸ்பென்ஷன் ஆர்டர் போனது. அதையும் நான்தான் அடித்தேன்.

மூன்று நாள் கழித்துப் பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய யோசனையோடுதான் போனேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை மைக் செட் அவர் பொறுப்பு என்று எனக்குத் தெரியும். "ஹஜரத்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க பாய். அந்தப் பதினொரு வாரமும் நீங்க ஜும்மாவுக்கு வரலைன்னு. அவா வாயடைச்சுப் போயிடும்" என்றேன்.

கியாசுதீன் என்னைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி நசீரா டீத் தட்டோடு நின்றிருந்தார்.

"வரலையா?" என்றார் நசீரா. "காலேஜ் பக்கத்துப் பள்ளியில தொழுதுட்டேன்னு சொன்னீங்களே."

"தனியா, தினப்படி லுஹர் மட்டும் தொழுதேன். ஸ்டோர் ரூம்ல." கியாசுதீன் குரல் இறங்கிவிட்டது. "ஜும்மாவுக்குப் போக முடியலை. நடுவுல விட்டுட்டு வந்தா எல்லாம் கெட்டுப் போயிடும் நசீரா."

"தொடர்ந்து மூணு ஜும்மா அலட்சியமா விட்டா மனசுல முத்திரை விழுந்துடும்னு நம்ம பொண்ணு ரிஃபானாவுக்கு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. பதினொண்ணு விட்டிருக்கீங்க." நசீரா தட்டைக் கீழே வைத்தார். "உங்க சாருக்கு ராகு காலம் பாக்க ஒண்ணரை மணி நேரம் இருந்திருக்கு. உங்களுக்கு அல்லாஹ்வுக்குன்னு அரை மணி நேரம் இல்லையாங்க? இதைப் போயி இப்ப ஊருக்கு முன்னாடி எழுதி வேற வாங்கணுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"மேடம், நீங்க அந்த ரூம்ல இருந்தீங்கதானே? நேரம் சொன்னது நீங்கதானே? அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா, இவர் எதுக்குப் பள்ளியில போயி நான் தொழ வரலைன்னு எழுதிக் கொடுங்கன்னு நிக்கணும்?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் இது. "அடுத்த கூட்டத்துல சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். "சொல்லுங்க" என்றார். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. நான் சொல்லத்தான் போனேன், சத்தியம். ஆனால் கியாசுதீன் என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. ஏன் காத்திருக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "2022 கோடையில பதினொரு வாரம் நான் ஜும்மாவுக்கு வரலை. யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிவாசல் இமாம் அப்துல் சலாம் ஹஜரத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அந்த வாரங்களில் மைக் இரைந்து இரைந்து குத்பா உரை ஒருத்தருக்கும் கேட்கவில்லையாம். மைக் ரிப்பேர் செய்கிற ஆள் எங்கே என்று எல்லோரும் திட்டினார்களாம். அதை அப்படியே எழுதி, பள்ளி முத்திரை போட்டுக் கொடுத்திருந்தார். கியாசுதீன் அதை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். தான் தொழ வராததற்கு முத்திரை போட்ட சாட்சி வாங்கி வந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"வெள்ளிக்கிழமைதோறும் சார் என்கிட்ட ராகு காலம் கேட்பார். பன்னெண்டுன்னு நான்தான் சொல்வேன். அதுவரைக்கும் தொடக் கூடாதுன்னு சார்தான் சொன்னார். பாய் வேண்டாம்னு சொன்னதை என் காதால கேட்டேன்" என்றேன்.

"மாமி, நீங்க மினிட்ஸ் மட்டும் எழுதுங்க" என்றார் ஹரிஹரசுதன்.

"எழுதறேன் சார். இதையும் சேர்த்து எழுதறேன்."

ஜனார்தன் முகம் சிவந்துவிட்டது. "அது என் சொந்த நம்பிக்கை மாமி. அதையெல்லாம் ரெக்கார்டுல கொண்டு வரப்படாது."

"அவர் தொழுகை மட்டும் ரெக்கார்டுல வரலாமா?"

பின்னால் திரும்பிப் பார்த்தேன். கியாசுதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சஸ்பென்ஷனை ரத்து செய்தார்கள், எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி ஓர் எச்சரிக்கையோடு. எச்சரிக்கை யாருக்கு? கியாசுதீனுக்கு. ஜனார்தனுக்கு ஒன்றும் இல்லை. இப்போது அவர் டீன். கட்டுரையை மட்டும் இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. தொலைந்தது சனியன் என்று நானும் நினைத்தேன். ஏப்ரலில் சால்வை போட்டு எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். ஜனார்தன் என் ஆங்கிலத்தைப் புகழ்ந்து ஐந்து நிமிஷம் பேசினார்.

ஏன் அதைப் புகழ்ந்தார் என்று ஜூலையில்தான் தெரிந்தது.

கியாசுதீனின் மகள் ரிஃபானா வேறு கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். வகுப்பில் அவள் ஆசிரியை, மாதிரிகளை எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு உதாரணமாக ஒரு திரும்பப் பெறல் அறிவிப்பைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். அது எங்கள் கல்லூரிக் கட்டுரை. காரணம் என்று போட்ட இடத்தில் ஒரே ஒரு வாக்கியம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ரிஃபானா எழுந்து வெளியே போய்விட்டாளாம்.

அன்று மாலை நசீரா போனில் கூப்பிட்டு, ரிஃபானா எழுதி வந்திருந்ததை எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் படித்தார். இரண்டாவது சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாக்கியம். ஒரு கமா மாறவில்லை. முதல் கூட்டம் முடிந்த மறுநாளே ஜனார்தன் அதை இதழுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டாவது கூட்டத்தின் மினிட்ஸும் ஹஜரத் கடிதமும் ஹரிஹரசுதன் அறை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன.

"இதை யாரு எழுதினது மேடம்?" என்று கேட்டார் நசீரா.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

இதழுக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். கல்லூரியின் அதிகாரபூர்வக் கடிதம் இருந்தால்தான் திருத்துவார்களாம். ஹரிஹரசுதனைப் போய்ப் பார்த்தேன். "முடிஞ்சு போனதைக் கிளறாதீங்க மாமி" என்றார். கியாசுதீன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், அதே ஸ்வெட்டரோடு. போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எப்போதும்போல "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று விசாரித்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரிக் கடிதம் என்னிடம் இல்லை. இதுதான் இருக்கிறது. என் பேர் சத்யபாமா, அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். அது பொய். கியாசுதீன் அந்தப் பதினொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குப் போகவில்லை. எப்படியும் கெட்டுப்போன இதயங்களுக்காக நிற்காமல் போயிருக்க வேண்டும்.